ரேடியோவில் இன்னொரு படகின் அபாய அலாரம் அடித்தால் என்ன செய்வது?

பொழுதுபோக்குக்குப் படகு ஓட்டுபவர்களில் பலருக்குத் தாங்கள் ஆபத்தில் சிக்கினால் எப்படி மேடே (உயிருக்கு ஆபத்து என்று ரேடியோவில் சொல்லும் அபாயக் குரல்) சொல்வது என்று தெரியும். வேறொருவர் அனுப்பிய அழைப்பு தங்கள் வி.எச்.எஃப். செட்டில் (படகுகளின் குறைந்த தூர ரேடியோவில்) வந்து அலறினால்தான் கை ஓடாது. செட்டைப் பொருத்தி, எம்.எம்.எஸ்.ஐ. எண்ணை (படகின் ரேடியோவை அடையாளம் காட்டும் எண்) ஏற்றி, ஜி.பி.எஸ். இணைத்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. அலாரத்தை நிறுத்துங்கள். எந்தப் பட்டன் என்று புறப்படும் முன்பே பார்த்து வையுங்கள். மூடி போட்ட சிவப்பு பட்டன் பக்கம் மட்டும் கை போகக் கூடாது, அது உங்கள் பெயரிலேயே ஒரு அபாய அழைப்பை அனுப்பிவிடும்.

2. திரையில் இருப்பதை எழுதுங்கள். 9 இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண், இருப்பிடம், யு.டி.சி. (உலகப் பொது) நேரம், என்ன ஆபத்து (தீயா, நீர் புகுந்ததா, கவிழ்ந்ததா). செட் நினைவில் வைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். ஈரக் கையில் போன் திரை வேலை செய்யாது, பேனா மையும் கரைந்துவிடும். என்னைக் கேட்டால் பென்சிலும் தண்ணீர் புகாத நோட்டும்தான்.

3. இருப்பிடத்தை வரைபடத்தில் குறியுங்கள். எனக்குப் பிடிபட நாளானது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ரேடியோ இருப்பிடத்தை டிகிரி, நிமிடம் என்று காட்டும், போனில் இருக்கும் பல வரைபடங்களோ டிகிரியைத் தசமத்தில் கேட்கும். திரையில் 12 டிகிரி 30.5 நிமிடம் என்று இருப்பதை அப்படியே 12.305 என்று தட்டினால் நீங்கள் போய்ச் சேரும் இடம் சுமார் 12 கடல் மைல் தள்ளி இருக்கும், ஏனென்றால் ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், 30.5-ஐ 60-ஆல் வகுத்தால்தான் சரியான 12.508 வரும். தண்ணீரில் கிடப்பவருக்கு அந்த 12 மைல் உயிர் போகிற தூரம். பிளாட்டரில் (படகின் மின்னணு வரைபடத் திரையில்) டிகிரி-நிமிட அமைப்பை இன்றே தேர்ந்தெடுத்து வையுங்கள், கணக்குப் போடவே தேவையிருக்காது.

4. அபாயத்தைக் குரலில் சொல்லும் 16-ஆம் சேனலில் காது கொடுங்கள், பேசாதீர்கள். பல செட்டுகள் தாமாகவே 16-க்குப் போகும், போனதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்வெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகை) குறையுங்கள், இரைச்சல் வந்தாலும் பரவாயில்லை. ஸ்க்வெல்ச் அதிகமாக இருந்தால் கைச் செட்டிலிருந்து வரும் மெல்லிய குரலை அப்படியே விழுங்கிவிடும்.

ஏன் உடனே பதில் சொல்லக் கூடாது? கரை நிலையம் முதலில் பேச இடம் விட வேண்டும், தேடுதலை நடத்தப்போவது அவர்கள்தான். அதேபோல் 70-ஆம் சேனலில் டி.எஸ்.சி. (குரல் இல்லாமல் டிஜிட்டலாக அழைக்கும் முறை, அந்த அலாரம் வந்ததும் இப்படித்தான்) மூலம் ஒப்புதல் அனுப்பும் வசதி உங்கள் செட்டில் இருந்தாலும் தொடாதீர்கள். அபாய அழைப்பு சுமார் 4 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகத் திரும்பப் போய்க்கொண்டிருக்கும், டி.எஸ்.சி. ஒப்புதல் கிடைத்ததும் நின்றுவிடும். கரைக்கு எட்டும் முன்பே நீங்கள் அதை நிறுத்தியதாகிவிடும்.

5. யாரும் பதில் சொல்லவில்லையா? சில நிமிடம், அதிகம் போனால் ஐந்து நிமிடம் பாருங்கள். அப்புறம் 16-இல் குரலில் சொல்லுங்கள்: "மேடே", அந்தப் படகின் பெயர் அல்லது எண், "திஸ் இஸ்", உங்கள் படகின் பெயர் மூன்று முறை, "ரிசீவ்ட் மேடே". அப்போதும் கரை நிலையம் பேசவில்லை என்றால் "மேடே ரிலே" என்று மூன்று முறை சொல்லி, உங்கள் பெயர், எண், பிறகு நோட்டில் எழுதியதை அப்படியே வாசியுங்கள். இன்னொருவருடைய ஆபத்து என்று கேட்பவருக்குப் புரிய வேண்டும், அதனால் "ரிலே" என்ற சொல்லை விடாதீர்கள்.

6. போவதா, வேண்டாமா? உங்கள் படகையும் அதில் இருப்பவர்களையும் ஆபத்தில் தள்ளாமல் முடிந்த உதவியைச் செய்வது கடலில் எல்லோருக்கும் கடமை. அருகில் இருந்தால் உங்கள் இருப்பிடத்தையும் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கரை நிலையத்திடம் சொல்லுங்கள். தூரத்தில் இருந்து, கரை நிலையமும் பதில் சொல்லிவிட்டது என்றால் மைக்கைத் தொடாதீர்கள். "சீலோன்ஸ் மேடே" (அமைதி காக்கவும்) என்று கேட்டால் "சீலோன்ஸ் ஃபீனி" (அமைதி முடிந்தது) வரும்வரை அந்தச் சேனலில் வேறு பேச்சே கூடாது.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள்.

எம்.எம்.எஸ்.ஐ. எண் 972 என்று தொடங்குகிறதே என்றார் ஒருவர். அது படகின் எண் இல்லை, லைஃப் ஜாக்கெட்டில் மாட்டும் கருவியின் எண். ஆள் தண்ணீரில் விழுந்திருக்கிறார், அவரிடமிருந்து குரல் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

இருப்பிடம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 9 வரிசையாக வந்தால்? அந்தப் படகின் செட்டுக்கு ஜி.பி.எஸ்.ஸிலிருந்து இருப்பிடம் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது குரல் எத்தனை மணிக்கு, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதி, நீங்கள் நின்ற இடத்தோடு சேர்த்துக் கரை நிலையத்திடம் சொல்லுங்கள். வி.எச்.எஃப். வெகுதூரம் போகாது என்பதால் உங்களுக்குக் கேட்டது என்பதே அவர்கள் தேட வேண்டிய பரப்பைச் சுருக்கிவிடும்.