மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கா?

இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா? சும்மா இருக்கும்போது உதடு மூடியிருந்தாலும் பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி இருக்க வேண்டும். டென்ஷன் ஏறினால் நமக்கே தெரியாமல் தாடை இறுகிவிடும்.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் எனக்குத் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும். அடுத்து இடது கண்ணிமை துடிக்கும். "இடக்கண் துடிச்சா பொம்பளைக்கு நல்லதுடி" என்பார் அம்மா. எனக்கென்னவோ அது தூக்கக் குறைவும் நாலாவது காபியும்தான்.

டென்ஷன் ஏறியிருக்கிறதா என்று பார்க்க நான் நம்புவது நாடித்துடிப்பை. காலையில் படுக்கையை விட்டு எழும் முன், மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. ஒரு வாரம் காலண்டரில் குறித்தால் உங்கள் வழக்கமான எண் பிடிபடும். எனக்கு 68. அது இரண்டு மூன்று நாள் 78-லேயே நின்றால் (காய்ச்சல் வரும்போதும் ஏறும்), ராத்திரி பத்து மணிக்கே போனை ஹாலில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

நெஞ்சு வலி, மூச்சிறைப்பு என்றால் மட்டும் டென்ஷன் என்று தள்ளிப்போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.