பனிமலைக்குக் குழுவாகப் போகிறீர்களா?

சாலையோ போன் சிக்னலோ இல்லாத பனிமலைக்குப் போவதென்றால் முதலில் ஆட்களை முடிவு செய்யுங்கள், எந்தச் சிகரம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பனியாற்றில், அதாவது மலையில் மெல்ல நகரும் பனிக்கட்டிப் பரப்பில், எல்லோரும் ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், ஒரு கயிற்றுக்கு மூன்று நான்கு பேர் இருப்பது நல்லது. இரண்டே பேர் என்றால், ஒருவர் பனிப்பிளவுக்குள் விழும்போது மற்றவர் அவரைத் தாங்கிப் பிடித்தபடியே கயிற்றைக் கட்டப் பனியில் நங்கூரமும் அடித்தாக வேண்டும், லேசுப்பட்ட வேலையில்லை அது.

ஆளுக்கு ஆள் 10 முதல் 15 மீட்டர் இடைவெளி விடுங்கள். பேச்சு சுவாரசியத்தில் நெருங்கி வருவதும், மிச்சக் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு நடப்பதும் கூடவே கூடாது, கயிறு எவ்வளவு தொய்கிறதோ அவ்வளவு ஆழம் கூடுதலாக விழுவீர்கள். பிளவுக்குள் விழுந்தால் மேலேறி வர உதவுவது புருசிக் முடிச்சு, அதாவது கயிற்றைச் சுற்றிப் போடும், எடை விழுந்தால் இறுகிக்கொள்ளும் முடிச்சு. அதில் கயிறேறுவதைக் கிளம்பும் முன்பே, ஒரு மரக்கிளையில் கயிற்றைத் தொங்கவிட்டு, தடித்த கையுறையோடு பழகிவிடுங்கள். வெறும் கையால் போட வருவது அங்கே உதவாது.

3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு. குழுவாகப் போவதில் பெரிய தொல்லையே, தன்னால் மற்றவர்கள் பயணம் கெடுமே என்று ஒருவர் உயரத்தால் வரும் தலைவலியை மறைப்பதுதான். சந்தேகமாக இருந்தால், குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்க ஆரம்பித்திருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காமல் துணையோடு கீழே இறக்குங்கள்.

திரும்பும் நேரத்தைக் கூடாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். நள்ளிரவு தாண்டிக் கிளம்புவதே பனி இறுகியிருக்கும்போது போய் வரத்தான், வெயில் ஏறினால் பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலங்கள் இளகிவிடும். சிகரம் கண்ணெதிரே நின்றாலும் சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும், சண்டை வந்தால் வரட்டும்.

குடிதண்ணீருக்குப் பனியைத்தான் உருக்க வேண்டும் என்பதால் எரிபொருளைக் கூடுதலாகவே எடுங்கள். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பனியைப் போடுங்கள், இல்லாவிட்டால் அடி தீய்ந்துவிடும். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடியும் ஆறு. பதிலுக்கு மூன்று வரும். சாட்டிலைட் கருவியில் எஸ்ஓஎஸ் அனுப்ப எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும், பிளவுக்குள் விழுபவர் அதை இயக்கத் தெரிந்த அந்த ஒருவராகவே இருக்கலாம்.