டெல்லி பால்கனியில் கறிவேப்பிலை, மல்லிகை: எந்த மாதம் என்ன செய்வது

ஜனவரியில் கறிவேப்பிலைச் செடி மொட்டையாக நிற்கிறது என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இங்கே மார்கழி, தை இரவுகளில் குளிர் நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிடும், அந்தக் குளிரில் அது இலையை உதிர்த்துவிட்டு வளராமல் நிற்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பாவம் என்று தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் வேரை அழுக வைக்கிறது. விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், வெயில் ஏறிய பிறகு கொஞ்சமாக ஊற்றுங்கள். உரம் வேண்டாம். வெயில் படும் சுவரோரமாகத் தொட்டியை நகர்த்தி வையுங்கள்.

பிப்ரவரிக் கடைசியில் குளிர் விட்டதும் நுனிகளைக் கிள்ளி, மேல்மண்ணைக் கிளறி, இரண்டு கைப்பிடி மக்கிய சாண உரம் போடுங்கள். புளித்த மோரை நிறையத் தண்ணீர் விட்டு அப்பப்போ ஊற்றலாம், நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான். மல்லிகையைக் கத்தரிப்பது கொஞ்சம் முன்னாலேயே, ஜனவரிக் கடைசியில். பாதி உயரத்துக்குத் தைரியமாக வெட்டுங்கள், புதுக் கிளையில்தான் பூ வரும்.

மே, ஜூன்தான் உண்மையான சோதனை. வெயில் 45 டிகிரி தொடும், லூ என்கிற அனல்காற்று இலை நுனிகளைக் கருக்கிவிடும். பச்சை வலை கட்டுங்கள், தொட்டிகளை நெருக்கி வையுங்கள், மண்மேல் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள். அதிகாலையிலும் சாயங்காலமும் தண்ணீர். ஆனால் ஒரு விஷயம்: மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் சாயங்காலம்கூடக் கை வைக்க முடியாத சூட்டில் வரும், அதை அப்படியே ஊற்றினால் வேர் வெந்துவிடும், வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள். இந்த இரண்டு மாதமும் தொட்டி மாற்றும் வேலையே வேண்டாம்.

அதற்கெல்லாம் மழைக்காலம் இருக்கிறது. செம்பருத்தி, நந்தியாவட்டைக் குச்சிகளை ஜூலையில் ஊன்றினால் சுலபமாக வேர் பிடிக்கும். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளை எடுத்துவிடுங்கள், டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புத் திரவம், நன்றாகக் குலுக்கி, மழையில்லாத சாயங்காலமாக இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரம் ஒருமுறை, பூச்சி போகும்வரை.

அக்டோபர் வந்தால் கொத்தமல்லி, வெந்தயம், பாலக் கீரை விதைக்கலாம். கொத்தமல்லி விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டால் நன்றாக முளைக்கும். சாமந்தியை மொட்டோடு நர்சரியிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. நவம்பர் புகையில் இலைமேல் கரித்தூசி படியும், அப்புறம் செடிக்கு வெளிச்சம் சரியாகக் கிடைக்காது, அதனால் வாரம் ஒரு காலை ஈரத்துணியால் துடைத்தோ தண்ணீர் தெளித்தோ கழுவி விடுங்கள்.