ஆன்லைன் பி.டி. பீரியடுக்குச் சூழல் எழுதுவது எப்படி?

திரையில் நடக்கும் உடல்நல, உடற்கல்வி வகுப்பு சீக்கிரமே ஸ்லைடு வாசிப்பாகிவிடும். ஒரு சூழலைக் கொடுத்து "இப்போ நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டால் பிள்ளைகள் நிமிர்வார்கள். எழுதிய சூழல் தேறுமா என்று பார்க்க ஒரு வழி: அதில் ஒரே ஒரு விவரத்தை மாற்றினால் சரியான விடையும் மாற வேண்டும். மாறவில்லையா, அது வேஷம் போட்ட பரீட்சைக் கேள்விதான்.

ஒரு மாதிரி. வியாசர்பாடியில் ஒரு மைதானம், மே மாதம், மதியம் மூன்றரை மணி. கால்பந்து ஆட்டத்தின் இரண்டாம் பாதி. டிஃபென்ஸில் ஆடும் கார்த்தி தள்ளாடுகிறான். ஸ்கோர் என்னடா என்றால் உளறுகிறான். உடம்பு கொதிக்கிறது.

1. நிழலில் பத்து நிமிடம் உட்கார வைப்பது.
2. ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடிக்க வைப்பது.
3. 108-ஐ அழைத்துவிட்டு, நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுவது.

இரண்டாவது பார்க்க நியாயமாக இருக்கும். அதனால்தான் அது பட்டியலில் இருக்கிறது. தப்பான விடைக்கு ஆசைகாட்டும் குணம் வேண்டும். வெயிலில் ஆடியவன் கொதிக்கும் உடம்போடு உளறினால் ஹீட் ஸ்ட்ரோக் (உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்கு) என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அதனால் மூன்றாவதுதான் சரி. உடல் சூடு 40 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கலாம். நினைவு தடுமாறுகிறவன் வாயில் ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கிவிடும் அபாயமும் உண்டு.

இப்போது விவரத்தை மாற்றுங்கள்: கார்த்தி தெளிவாகப் பேசுகிறான், கெண்டைக்கால் மட்டும் பிடித்து இழுக்கிறது. விடை ஓய்வு, நிழல், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது. பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர் தண்ணீர். முழுப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு அளவுக்கு மீறிவிடும், இதையும் கேட்டுவிடுங்கள்.

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். சூழல் 80 சொல்லைத் தாண்ட வேண்டாம். வாசித்து யோசிக்க 4 நிமிடம், பேச்சு 15, உடலசைவு 12. மிச்சம் நெட் படுத்தும் பாட்டுக்கு. விடையைச் சாட்டில் கேட்காதீர்கள். முதலில் வரும் எண்ணையே எல்லோரும் காப்பியடிப்பார்கள். மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் விரல் காட்டட்டும். வீடியோ வராதவர்கள் டைப் செய்து வைத்திருந்து, சொன்னதும் அனுப்பட்டும். தப்பான விடை சொன்னவரிடமே முதலில் காரணத்தைக் கேளுங்கள், கேலி தொனிக்காமல்.

உடலசைவுக்குப் பாய் விரிக்கும் இடம் போதும் என்று திட்டமிடுங்கள். ஹவுசிங் போர்டு மாடியில் குதித்தால் கீழ்வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள். நின்ற இடத்தில் முட்டியை உயர்த்தி 2 நிமிடம் நடந்தால் போதும். உடனே மணிக்கட்டில் நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலால் எண்ணக் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு.

மாதவிடாய், குட்கா போன்ற சூழல்களில் ஒற்றை அறை வீட்டை மறக்காதீர்கள். பக்கத்தில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருப்பார். "நீ" என்று கேட்காமல் ஒரு கற்பனைப் பாத்திரத்தை வைத்துக் கேளுங்கள். விடையை ஆசிரியருக்கு மட்டும் தெரியும்படி அனுப்பச் சொல்லுங்கள்.

எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு வாயுக்கசிவுச் சூழல் எழுதத் தோன்றும். 2023 டிசம்பரில் அம்மோனியா கசிந்த இரவில் வீட்டைவிட்டு ஓடியவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். கதையை வேறு ஊரில் வையுங்கள். வேண்டாம் என்பவர் கேமராவை அணைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.