லண்டனில் மழை பிடித்தால்

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிற வன்னிச் சனத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு. அங்கத்தைய மழை இரணைமடுக் குளம் வான் பாய்கிற எங்கட மாரி மாதிரி கொட்டித் தீர்க்காது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், விட்டபிறகு வெளிக்கிடுவம் என்று இருந்தால் அன்றைய நாள் போச்சு. அதனால் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போங்கள். நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் காசு இல்லை. 33ஆம் அறையில் எங்கட தீவின் தாரா என்ற பௌத்த பெண் தெய்வத்தின் சிலை நிற்கிறது: பொன் பூசிய வெண்கலம், 143 சென்ரிமீற்றர் உயரம், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுத்தது, இலங்கை ஆளுநராக இருந்த பிரவுன்ரிக் மூலம் 1830இல் அங்கே போய்ச் சேர்ந்தது (அதைப் பார்க்க நாங்கள் விசா எடுக்க வேண்டியிருக்கு, அது வேறு கதை). டவர் ஒஃப் லண்டனுக்கு ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? சரி, போங்கள், ஆனால் கதவு திறந்த கையோடு முடிக்குரிய நகைகள் இருக்கிற கட்டடத்துக்குள் நுழையுங்கள், பிந்தினால் நனைந்த சனம் முழுக்க அங்கேதான் வரிசையில் நிற்கும். வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயமும் கூரைக்குக் கீழேதான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வழிபாட்டுக்கு என்பதால் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அப்புறம், குடையை விட மேலதிகமாக ஒரு சோடி காலுறை, அதைப் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.