டூரிங் பைக்குக்கு என்ஜின் கார்ட்: முதலில் கம்பி, அப்புறம்தான் பெக்

சிங்கப்பூருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு காலை முன்னால் நீட்டி வைக்கும் பெக், அதாவது சின்னக் கால்தாங்கி, தேவையே இல்லை, சிக்னலுக்குச் சிக்னல் காலை ஊன்றும் ஊர் இது. துவாஸ் இரண்டாம் இணைப்பைத் தாண்டி வட-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, கோலாலம்பூர், அதற்கும் மேலே தாய்லாந்தின் ஹாட்யாய் என்று போகிறவர்கள் கதை வேறு. மடக்கி வைத்த முழங்கால் போகப் போக கெஞ்ச ஆரம்பித்துவிடும், அதனால்தான் என்ஜினைச் சுற்றி நிற்கும் காப்புக் கம்பியான என்ஜின் கார்டில் பெக் மாட்டுகிறோம். ஆனால் பலரும் பெக்கைப் பார்த்து மயங்கி, அது சேர்ந்து வருகிறது என்பதற்காகவே கம்பியை வாங்கிவிடுகிறார்கள். வண்டி சாய்ந்தால் என்ஜினைக் காப்பதுதான் அந்தக் கம்பியின் வேலை, கால் வைப்பது அதற்கு அப்புறம்தான்.

கம்பி எங்கே மாட்டுகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று இடத்திலாவது, ஃபிரேமிலோ, என்ஜினை ஃபிரேமோடு பிடித்து நிற்கும் பெரிய போல்ட்டுகளிலோ அது உட்கார வேண்டும், முன்னால் இடதையும் வலதையும் சேர்க்கும் குறுக்குக் கம்பியும் இருந்தால் விழும் அடி ஒரே இடத்தில் இறங்காமல் பிரிந்துபோகும். ஒற்றை போல்ட்டில் தொங்கும் மலிவுக் கம்பி, விழுகிற நேரத்தில் கடப்பாரை போல நெம்பி, காப்பாற்ற வேண்டிய என்ஜின் உறையையே உடைத்துவிடலாம். கிவி, எஸ்டபிள்யூ-மோட்டெக், ஹெப்கோ அண்ட் பெக்கர் போன்ற நிறுவனங்கள் எல்லாம் வண்டி மாடலுக்கு ஏற்ப தனித்தனியாகச் செய்கிறார்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பதை என்ஜின் கார்டைப் பொறுத்தவரை நான் நம்ப மாட்டேன். பழைய கம்பி வாங்குவதென்றால் வெல்டிங் மூட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள், ஏற்கெனவே ஒரு அடி வாங்கி வளைந்ததை நிமிர்த்தி விற்றால் அது வேண்டாம். பவுடர் கோட்டிங் போட்ட இரும்பு போதும், ஆனால் நம்மூர் மழைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் துரு ஏறும், உடனே பெயிண்ட் தொட்டுவிட வேண்டும். அந்த வேலை வேண்டாம் என்றால் ஸ்டெயின்லெஸ், விலை கூடுதல்.

அடுத்தது அளவு. இதற்கு ஒரு நண்பரும் கொஞ்சம் டேப்பும் போதும். ஓட்டும்போது போடும் அதே பூட்ஸைப் போட்டு, மழைக்கால்சட்டையும் மாட்டிக்கொண்டு, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்காருங்கள். ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்றால் நண்பர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளட்டும். ஹேண்டில்பாரில் கையை வைத்து, முதுகு சாயாமல், காலை முன்னால் கொண்டுபோங்கள். முழங்கால் லேசாக மடங்கியபடியே குதிகால் எங்கே வந்து நிற்கிறதோ, அந்த உயரத்துக்கு நேராக என்ஜின் பக்கத்தில் டேப்பை ஒட்டச் சொல்லுங்கள். கால் விறைப்பாக நீண்டுவிட்டால் பாரமெல்லாம் வால் எலும்பில் இறங்கும், சுகத்துக்கு மாட்டிய பெக் இடுப்பு வலியில் முடியும். இப்போது கடையில் காட்டும் கம்பியின் படத்தை அந்த டேப்போடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் கம்பி வளையாமல் நேராக ஓட வேண்டும், பெக்கைக் கம்பியோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வளைவில் பிடிக்காது, மெல்ல மெல்லச் சுழன்றுவிடும். பிஎம்டபிள்யூவின் பாக்ஸர் என்ஜின் வண்டிகளில் சிலிண்டரே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் முழங்காலுக்குக் கீழே இடிக்கும், அவர்கள் உட்கார்ந்து பார்க்காமல் ஆர்டர் கொடுக்கவே கூடாது.

பெக் மேல்நோக்கிப் பின்னால் மடங்க வேண்டும், இதில் மட்டும் சமரசம் வேண்டாம். மடங்காத பெக் சாலை வளைவில் தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும். கிளாம்ப் வாங்கும் முன் கம்பியின் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள், 22, 25, 32 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் உண்டு, பெரிய கிளாம்ப்பை ரப்பர் சுற்றிச் சமாளிப்பது சரிவராது. பெக்கின் மேல் ரப்பர் இருக்கட்டும், இல்லாவிட்டால் என்ஜின் அதிர்வு பாதம் மரத்துப்போகிற அளவுக்கு ஏறும்.

கம்பியும் பெக்கும் சேர்ந்த அகலம் ஹேண்டில்பாரைத் தாண்டக் கூடாது. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் மோட்டார்சைக்கிள் வரிசையில் நெருக்கியடித்து நகர்ந்தவர்களுக்கும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குக்குக் கீழே அடுத்த வண்டியோடு ஒட்டி நிறுத்துபவர்களுக்கும் இதை விளக்கவே தேவையில்லை. பணம் கட்டுவதற்கு முன், வாகன மாற்றங்கள் பற்றி நிலப் போக்குவரத்து ஆணையம் என்ன சொல்கிறது என்று ஒன்மோட்டாரிங் தளத்தில் பார்த்துவிடுங்கள். 3 வருடம் தாண்டிய மோட்டார்சைக்கிள் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறது, அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். கம்பியில் கூடுதல் விளக்கு மாட்டும் ஆசை இருந்தால் அதையும் சேர்த்தே பாருங்கள்.

மாட்டும்போது என்ஜின் போல்ட்டை எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் கழற்றாதீர்கள். என்ஜினுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெல்லத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து, எல்லா போல்ட்டையும் கையால் தளர்வாகப் போட்டுவிட்டு, கம்பி இயல்பாக உட்கார்ந்த பிறகு மேனுவல் சொல்லும் டார்க்கில், அதாவது முறுக்கு விசையில், இறுக்குங்கள். கம்பியை இழுத்து வளைத்துத்தான் ஓட்டையில் சேர்க்க முடிகிறது என்றால் அந்தக் கம்பி சரியில்லை, திருப்பிக் கொடுங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, முன் ஃபோர்க்கை அமுக்கி, சக்கரமும் மட்கார்டும் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். ஆயில் ஃபில்டர் கழற்ற வழி இருக்கிறதா, பூட்ஸ் சைலன்சர் குழாயைத் தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கால் பெக்கில் இருக்கும்போது உங்களிடம் பின் பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை. முன்னால் வண்டி இல்லாத நேர் சாலையில் ஐந்து பத்து நிமிடம் நீட்டிவிட்டு எடுத்துவிடுங்கள், மழையிலும் டோல் பக்கத்திலும் நீட்டவே வேண்டாம். வீட்டுக்குக் கீழேயே, நின்ற வண்டியில், கண்ணால் பார்க்காமல் கால் நேராக பிரேக்குக்குத் திரும்பும்வரை பழகிக்கொள்ளுங்கள், கியர் லீவரில் பூட்ஸ் சிக்குகிறதா என்பதும் அப்போதே தெரியும்.

முதல் நீண்ட பயணம் முடிந்து வந்ததும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். கிளாம்ப்புக்கும் கம்பிக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவைத்தால், பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் ஒரு பார்வையிலேயே கிளாம்ப் நகர்ந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.