கையால் செய்த தொட்டியில் போன்சாய்: அளவெடுப்பது முதல் கட்டி நிறுத்துவது வரை

மதில் இடுக்கில் முளைத்ததைப் பிடுங்கி எட்டு வருடம் வளர்த்த என் ஆலமரத்தை, போன மாதம் அதற்கென்றே செய்யச் சொன்ன தொட்டிக்கு மாற்றினேன். முதல் தொட்டி சரிப்படவில்லை, இரண்டாவதுதான் பொருந்தியது. ஜப்பானிய மொழியில் 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுவது. பெயரிலேயே பாதி தொட்டிக்குத்தான் சொந்தம். கவாத்து, கம்பி கட்டுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. அளவு

மரத்தின் உயரம், கிளைகளின் அகலம் இரண்டில் எது அதிகமோ அதில் மூன்றில் இரண்டு பங்கு தொட்டியின் நீளம். அடிமரத்தின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழம். என் ஆல் 36 செ.மீ. உயரம், 45 செ.மீ. அகலம், அடிமரம் 5 செ.மீ. ஆக, 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. ஆழம். அந்த அளவில் அட்டையை வெட்டி மரத்தடியில் நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கண்ணுக்கு உறுத்தினால் கணக்கை விட்டுவிட்டுக் கண்ணை நம்புங்கள்.

2. வடிவம், நிறம்

நேரான முரட்டு மரத்துக்குக் கூர்மூலைச் செவ்வகம், வளைந்து படர்வதற்கு நீள்வட்டம். விழுது விட்ட ஆலுக்கு ஆழமில்லாத நீள்வட்டத்தை விட்டால் வேறு எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஜப்பானில் பைன் போன்ற ஊசியிலை மரங்களுக்கு மெருகு பூசாத மண்நிறத் தொட்டிதான் வழக்கம். தொகோனாமே ஊரின் செம்பழுப்புத் தொட்டிகள் அதற்குப் பேர்போனவை. பூக்கும், காய்க்கும் மரங்களுக்கு கிளேஸ் (சுடும்போது கண்ணாடிபோல் படியும் மெருகு) போட்டது எடுக்கும். காகிதப்பூவின் அடர் ரோஜா நிறத்துக்கு வெளிறிய சாம்பல் பச்சை வைத்துப் பாருங்கள், பூ தனியாகத் தெரியும். பளபளக்கும் கிளேஸ் மட்டும் வேண்டாம், கண் முதலில் தொட்டிக்குத்தான் போகும்.

3. செய்யச் சொல்லும்போது

நான் தவறிய இடம் இதுதான். களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும், பல ஸ்டோன்வேர் (அதிக சூட்டில் கல்போல் இறுகும் பாண்டம்) மண்ணில் மொத்தம் 12 சதவீதம் வரைகூட. 30 செ.மீ. என்று மட்டும் சொன்னேன், அது ஈர மண்ணுக்கா சுட்ட பிறகா என்று நாங்கள் இருவருமே பேசிக்கொள்ளவில்லை, கைக்கு வந்தது 26 செ.மீ.தான். 12 சதவீதம் சுருங்கும் மண்ணென்றால் 30ஐ 0.88ஆல் வகுத்து, ஈரத்தில் 34 செ.மீ. வைக்க வேண்டும். "சுட்டு முடித்த அளவு" என்று எழுதியே கொடுங்கள்.

அந்தத் தொட்டியில் இன்னொரு குறையும் இருந்தது. துளை போட்டபோது உள்பக்கம் விளிம்பு எழும்பி நின்றதால் தண்ணீர் சுற்றிலும் தேங்கி, மழைக்காலத்தில் ஒரு பக்க வேர் அழுகிவிட்டது. இப்போதெல்லாம் தொட்டியைச் சமதளத்தில் வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் வாங்குவதில்லை. உள்பக்கம் கிளேஸ் கூடாது, அடியில் கால் வேண்டும், கம்பி நுழைக்கச் சிறு துளைகள் வேண்டும்.

புதுச்சேரி, ஆரோவில் பக்கம் ஸ்டோன்வேர் செய்பவர்கள் நிறைய. மட்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் கற்றவர்கள் பலர். நேரில் போய், மரத்தின் படத்தைக் காட்டிப் பேசுங்கள்.

4. நடுவது

துளைமேல் பிளாஸ்டிக் வலை. கொசுவலை வேண்டாம், அடைத்துக்கொள்ளும். நீள்வட்டத்தில் மரத்தை நட்டநடுவில் வைக்காமல் சற்று ஒரு பக்கமாக, நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வைத்து, 2 மி.மீ. அலுமினியக் கம்பியால் வேரை அசையாமல் கட்டுங்கள். வட்டத் தொட்டி என்றால் நடுவிலேயே இருக்கலாம்.

பிற்சேர்க்கை: சாதா செம்மண் தொட்டி ஆகாதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆகும், ஆனால் அது குறைந்த சூட்டில் வெந்தது, தண்ணீரை உறிஞ்சி வெளியே விடும், இவ்வளவு ஆழமில்லாத தட்டில் சித்திரை வெயிலுக்கு மண் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. அப்படி வைத்திருப்பவர்கள் ஈர மணல் பரப்பிய தட்டின்மேல் வைத்து, காலை மாலை இருவேளையும் ஊற்றுங்கள்.